முதல் தட்டு யாருக்கு?

அந்த ஞாயிற்றுக்கிழமை, கேளம்பாக்கத்து எங்கள் வீடு முழுக்க ஊதுவத்திப் புகை. ஜெபத்துக்காக ஏற்றவில்லை. முந்தின நாள் வைத்த நெத்திலிக் குழம்பின் வாசனை போகட்டும் என்று ஏற்றினேன். குழம்பு பாதிச் சட்டிக்கு மிச்சம் இருந்தது. கொட்ட மனசு வரவில்லை. சட்டியை மூடி அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

என் மகள் ஷீபாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். பெண் பார்ப்பது என்பதெல்லாம் ஒரு மரியாதைக்குச் சொல்வது. அவளும் அந்தப் பையன் யுவராஜும் சிறுசேரியில் ஒரே ஆபீஸ். ஒரே ஷட்டில் வண்டியில் போய் வந்து, பார்க்க வேண்டியதையெல்லாம் அவர்களே பார்த்து முடித்துவிட்டார்கள். இப்போது வருவது பையனின் அப்பாவும் அம்மாவும். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் விவசாயக் குடும்பம். நிலம் உண்டு, டிராக்டர் உண்டு, பெரிய ரோட்டில் ஒரு சிமெண்ட் கடையும் உண்டு.

நல்ல காரியம் பேச வருகிறார்கள், சைவம்தான் சமைக்க வேண்டும் என்று ஷீபா சட்டம் போட்டுவிட்டாள். நான் கோவளத்தில் மீன்காரி வயிற்றில் பிறந்தவள். சாம்பாருக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. எத்தனை பருப்பைப் போட்டாலும் புளிதான் முன்னால் வந்து நிற்கும். என் வீட்டுக்காரர் தேவராஜ் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார்.

"இன்னாடி இது? மீன எடுத்துகினு வெறும் கொழம்ப மட்டும் வெச்ச மாரி கீது."

"யோவ், வாய மூடிகினு போய் சட்டய மாத்து. அவங்க வர்ற நேரம்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கை நனைக்காத மனிதர்

பையனின் அப்பா பெயர் கஜேந்திரன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம். அவருடைய மனைவி சரோஜா, வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, கணவர் உட்கார்ந்த பிறகு சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். யுவராஜ் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஷீபா தட்டில் தண்ணீர் டம்ளர்களை வைத்துக் கொண்டுவந்தாள். கஜேந்திரன் கையை லேசாகத் தூக்கினார். "இருக்கட்டும்மா" என்றார். பைக்குள்ளிருந்து தன் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

என் வீட்டுக்காரர், "சாப்பாடு ரெடியா கீது. சாப்ட்டுகினே பேசலாம்ண்ணே" என்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பேச்சு முடிவாவற வரைக்கும் பொண்ணு வூட்ல கை நனைக்கறது எங்க வழக்கம் இல்ல."

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். சம்பந்தம் பேசப் போன வீட்டில் சாப்பிட்டால், பேச்சுக்கு ஒப்புக்கொண்டதாக அர்த்தம். கை நனைத்த பிறகு வேண்டாம் என்று போனால், போகிறவனுக்குத்தான் கேவலம். அதனால் பிடிக்காத சம்பந்தம் என்றால் சோற்றைத் தொடாமலே எழுந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் போன் செய்ய மாட்டார்கள்.

ஷீபா முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தாள். "அவரு நம்ம வூட்ல சாப்ட்டார்னா கல்யாணம்மா. சாப்புடாம எழுந்தார்னா அவ்ளோதான். அப்பா பேச்ச மீறி யுவா வர மாட்டான். வரச் சொல்லி நானும் கேக்க மாட்டேன்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு துணி மடித்தாள். என் பெண் அழுவதற்கு முன்னால் எப்போதும் எதையாவது மடிப்பாள்.

ஆகவே கஜேந்திரன் கையைத் தூக்கியதும் எனக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது. வழக்கம் என்றால் சாப்பாட்டோடு நிற்க வேண்டியதுதானே? தண்ணீர் என்ன பாவம் செய்தது? அந்தப் பாட்டில் எதற்கு வந்தது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தொண்டை சரியில்லை, டாக்டர் சுடுதண்ணீர் குடிக்கச் சொன்னார் என்று ஏதாவது வந்திருக்கும்.

என் மாமனாரும் மாமியாரும் அந்தத் திருக்கழுக்குன்றத்துப் பக்கத்து வயல்களில்தான் கூலிக்கு நடவும் அறுப்பும் செய்தவர்கள். வரப்போரம் நின்று, வீட்டிலிருந்து கொண்டுபோன சொம்பில் கூழை வாங்கிக் குடித்தவர்கள். அவர்கள் பிள்ளை இன்று சொந்த வீட்டில் நின்றுகொண்டு சாப்பிடக் கூப்பிடுகிறார். வந்தவர் பாட்டிலைத் திருகி மூடுகிறார். என் வீட்டுக்காரர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது பேசியிருப்பேன்.

அப்பா கரண்டி பிடித்த கதை

ஒருவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்பதில் அவர் வளர்ந்த வீடு முழுக்கத் தெரிந்துவிடும் என்பது என் கட்சி. செங்கல்பட்டில் நர்ஸ் வேலை பார்த்த இத்தனை வருடத்தில் வார்டில் இதைத்தான் வேடிக்கை பார்த்தேன். டிபன் பாக்ஸைத் திறந்ததும் மூடியால் மறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு கை வைத்துவிட்டு ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. ஒரு பெரியம்மா ஆஸ்பத்திரி பிரெட்டைக்கூட ரசத்தில் பிசைந்துதான் சாப்பிட்டார். என்ன வியாதி வந்தாலும் கையின் பழக்கம் மட்டும் மாறாது.

எங்கள் கோவளத்து வீட்டில் முதல் தட்டு அம்மாவுக்கு.

அம்மா விடிகாலையில் கரையில் ஏலம் எடுப்பாள். அலுமினியக் கூடையில் மீனைப் போட்டு, மேலே ஈரச் சாக்கை மூடி, பஸ்ஸில் ஏற்றிக் கேளம்பாக்கம், தையூர் என்று தெருத்தெருவாக விற்பாள். கண்டக்டர் தினமும் "பின்னாடி போ, பின்னாடி போ" என்று கத்துவார். அம்மா பின்னால் போக மாட்டாள். "இந்த மீனுக்கும் சேத்துதான் டிக்கெட் வாங்கிகினு கீறேன்" என்பாள். வெயில் உச்சிக்கு வந்த பிறகு வீடு திரும்புவாள். கால் இரண்டும் வீங்கியிருக்கும்.

அப்பா அதற்குள் கடலிலிருந்து வந்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்து, உலை வைத்திருப்பார். படகில் சமைத்துப் பழகிய கை. விலை போகாத சில்லறை மீனைப் போட்டு அவர் வைக்கிற குழம்புக்கு ஈடாக இன்றைக்கு வரைக்கும் நான் எதுவும் சாப்பிட்டதில்லை. அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்காருவாள். அப்பா தட்டைக் கொண்டுவந்து மடியில் வைப்பார். அவள் இரண்டு வாய் முழுங்கிய பிறகுதான் எங்களுக்குச் சோறு. எல்லோரும் எழுந்த பிறகு அப்பா சட்டியிலேயே சோற்றைப் போட்டு வழித்துச் சாப்பிடுவார்.

ஊர் முழுக்க இப்படி இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அப்பாவைக் கிண்டல் செய்து தள்ளுவார்கள்.

"இன்னா அண்ணாத்த, பொண்டாட்டிக்குப் பந்தி போடறியா?"

"நடந்துட்டு வந்தவ அவ. உனுக்கு இன்னா வலிக்குது?"

அப்பாவின் பதில் எப்போதும் அவ்வளவுதான். அதில் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. யாருக்குக் கால் வலிக்கிறதோ அவர்களுக்கு முதலில் சோறு. நான் இதைத்தான் உலக வழக்கம் என்று நினைத்து வளர்ந்தேன். நர்ஸ் படிப்புக்குப் போய், தோழி ஒருத்தி வீட்டில் விருந்துக்கு உட்கார்ந்து, "எங்கம்மா எப்பவும் கடைசியாத்தான்" என்று அவள் சொன்னபோது, அவள் அம்மாவுக்கு ஏதோ வயிற்றுக்கோளாறு என்று நினைத்தேன். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

முள்ளுக்குப் பயந்த மாப்பிள்ளை

என் வீட்டுக்காரர் வளர்ந்த கதை வேறு. செங்கல்பட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர். அங்கே தட்டை முதலில் காலி செய்தவனுக்குத்தான் இரண்டாவது கரண்டி. அதனால் மனிதர் தட்டின் மேல் இடது கையை அணை கட்டி வைத்துக்கொண்டு, பின்னால் போலீஸ் துரத்துகிற மாதிரி சாப்பிடுவார். நாம் அப்பளத்தை நொறுக்குவதற்குள் அவர் கை கழுவிக்கொண்டிருப்பார்.

கல்யாணமான புதிதில் கோவளத்தில் விருந்து. அன்றைக்கு மத்தி மீன். கடற்கரையில் பிறந்த குழந்தைகூட மத்தியை நிதானமாகத்தான் சாப்பிடும், அத்தனை முள். இவர் அதை உப்புமா மாதிரி அள்ளி வாயில் போட்டார். அடுத்த நிமிடம் கண் பிதுங்கிவிட்டது. வெறும் சோற்றை உருட்டி முழுங்கச் சொன்னார் அப்பா. ஒரு நர்ஸாக அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் முள் இறங்கிவிட்டது.

அப்பா இவர் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார். "மாப்ள, மீனு எங்க ஓடிடப் போவுது? அது காலைலியே செத்துடுச்சி."

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. இவருக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாள் சாப்பாட்டு வேளையில் இலையில் உட்காராமல் அப்பாவோடு கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியாக அப்பாவும் இவரும் உட்கார்ந்து, அவசரம் இல்லாமல் முள் எடுத்துச் சாப்பிட்டார்கள். முள்ளுக்குப் பயந்து ஆரம்பித்தது. அப்படியே பழக்கமாகிவிட்டது. நான் நைட் டூட்டி முடித்து வந்தால் முதல் தட்டு எனக்கு. ஷீபா பரீட்சை எழுதிவிட்டு வந்தால் அவளுக்கு. வீட்டுக்குள் எந்தப் பெண்பிள்ளை களைத்து நின்றாலும் அவர் கை தானாகத் தட்டைத் தேடும்.

நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழக்கம் என் உயிரையே எடுத்தது.

அடுப்படியில்

ஹாலில் கஜேந்திரன் மழையைப் பற்றிப் பேசினார். நெல் விலையைப் பற்றிப் பேசினார். ரோடு அகலப்படுத்துவதைப் பற்றிப் பேசினார். கல்யாணத்தைத் தவிர எல்லாவற்றையும் பேசினார். எனக்குப் புரிந்துவிட்டது. ஷீபாவுக்கும் புரிந்துவிட்டது. சோபா மேல் கிடந்த துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

சரோஜா என்னிடம் மெதுவாக, "நான் உள்ள வந்து உக்காரட்டா? ஆம்பளைங்க பேசற எடத்துல உக்காந்து எனுக்குப் பழக்கமில்ல" என்றாள். அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. மேடையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். நின்றே பழகிய உடம்பு என்று பார்த்தாலே தெரிந்தது.

மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "இன்னாம்மா வாசன? நெத்திலியா?"

எனக்கு மானம் போயிற்று. "நேத்து வெச்சதுங்க. உங்களுக்காகச் சைவம்தான் செஞ்சி கீறேன். இது எங்களுக்கு…"

"நேத்து வெச்சதா? அப்போ நல்லா ஊறி இருக்குமே."

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். மணி ஒன்றரை தாண்டியிருந்தது. மேடையோரம் ஒரு பெண் முகம் வாடி நிற்கிறாள். அவ்வளவுதான் அவர் கண்ணில் பட்டது. கை நனைப்பது, சம்பந்தம், பாட்டில் தண்ணீர் எல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று.

"இன்னா தங்கச்சி, பசிக்குதா?" என்று கேட்டார்.

நான் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன், பல்லைக் கடித்தேன். கவனித்தால்தானே? டிரம்முக்குப் பின்னாலிருந்து சட்டியை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டார். தட்டில் ஆவி பறக்கச் சோறு போட்டார்.

சரோஜா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே அவள் கணவர் ஏதோ பம்புசெட் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"சூடு எனுக்கு ஒத்துக்காதுண்ணே. எங்க வூட்ல எல்லாருக்கும் தெரியும். எனுக்கு ஆறுன சோறுதான்."

"ஏன், டாக்டர் எதுனா சொன்னாரா?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "யாரும் சொல்லல. ஆம்பளைங்க துன்னு, கழனியாளுங்க துன்னு, பசங்க துன்னு, அப்புறம்தான நானு. அதுக்குள்ள எல்லாம் ஆறிப்போவும். சூடா எப்போ கெடச்சுது, ஒத்துக்குதா இல்லியான்னு பாக்க?"

என் வீட்டுக்காரர் குழம்பை ஊற்றினார். "பாத்துடுங்க" என்றார்.

நான் அவள் கையைப் பிடித்துத் தடுத்திருக்க வேண்டும். அவள் கணவருக்குத் தெரிந்தால் வீட்டுக்குப் போய் அவளுக்குத்தானே பேச்சு விழும்? "அக்கா, அண்ணன் அங்க வழக்கம்னு சொன்னாரே" என்று இழுத்தேன்.

"கேட்டுகினுதான் இருந்தேன்" என்றாள் சரோஜா. ஸ்டூலில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். சோற்றைப் பிசைந்து முதல் வாய் வைத்தாள்.

சூடு சுட்டது. வாயைத் திறந்து ஊதினாள், கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் துப்பவில்லை. இரண்டாவது வாய், மூன்றாவது வாய். நெத்திலியைத் தலையோடு மென்றாள். இவர் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார். வேண்டாம் என்று சொல்லக் கையைத் தூக்கியவள், சொல்லாமல் இறக்கிவிட்டாள். என் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்ட அழகு எனக்கு ஞாபகம் வந்தது. எவ்வளவு பிரியமாக இருந்தது தெரியுமா அந்தப் பெண்பிள்ளையைப் பார்க்க! கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் பரவாயில்லை, இவள் வயிறார எழுந்தால் போதும் என்று ஒரு நிமிடம் தோன்றியது.

குழம்புக் கை

ஹாலில் நாற்காலி நகர்கிற சத்தம். "சரி, நாங்க வூட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று கஜேந்திரனின் குரல். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். "சரோஜா, கெளம்பு."

நான் அவசரமாகக் குழாயைத் திறந்துவிட்டேன், கையைக் கழுவிக்கொள்ளட்டும் என்று. சரோஜா குழாயை மூடினாள். தட்டில் இருந்த கடைசி வாயை எடுத்துச் சாப்பிட்டாள். அப்படியே, குழம்பு வழிகிற கையோடு, ஹாலுக்கு நடந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பின்னாலேயே ஓடினோம்.

கஜேந்திரன் அந்தக் கையைப் பார்த்தார். யுவராஜ் தலையைத் தூக்கினான். ஷீபாவின் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது.

"இன்னா இது?" என்றார் கஜேந்திரன். குரல் உயரவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"பசிச்சுது. சாப்ட்டேன்."

"நான் இங்க இன்னா சொல்லிகினு கீறேன், நீ உள்ள இன்னா பண்ணிகினு கீற?"

"நீங்க சொன்னது காதுல வுழுந்துச்சி. தெரிஞ்சேதான் சாப்ட்டேன்." வழிந்த குழம்பை மறு கையில் ஏந்திக்கொண்டாள். பேச்சை நிறுத்தவில்லை. "உங்க வூட்டுக்கு வந்த நாள்லேருந்து எனுக்குப் பசிக்குதான்னு ஒருத்தரும் கேட்டதில்ல. உங்களக் குத்தம் சொல்லல. எங்கம்மா வூட்லயும் அதேதான். இந்த வூட்ல வந்து நின்ன உடனே கேட்டாங்க. இந்த வூட்டுச் சோறு துன்னு வளந்த பொண்ணு என் வூட்டுக்கு வரணும். யுவாவும் இந்த வூட்டுக்கு வந்து போவணும்."

கஜேந்திரன் மகனைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் கையில் இன்னும் கரண்டி இருந்தது.

"பையனப் பெத்தவ நானு, கை நனச்சாச்சி" என்றாள் சரோஜா. "இனிமே வேணாம்னு நீங்க எழுந்து போனா, வழக்கத்த மீறுனது நீங்கதான். வூட்டுக்குப் போயி யாருகிட்ட இன்னா சொல்வீங்க?"

ஷீபா என் புடவையைப் பிடித்துக்கொண்டாள், சின்னப் பிள்ளையில் பிடித்துக்கொள்வது போல.

சரோஜா குரலை இறக்கினாள். "எப்பவும் நீங்க சாப்ட்ட பின்னாடிதான் நானு. இன்னிக்கி ஒரு நாளு நான் சாப்ட்ட பின்னாடி நீங்க. வாங்க. உங்களுக்கும் பசி. எனுக்குத் தெரியாதா?"

கஜேந்திரனுக்குக் கோபம்தான். அது முகத்தில் நன்றாகத் தெரிந்தது. பிறகு சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டார்.

"கை எங்க கழுவணும்?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

இலை போட்டோம். நான் வைத்த அந்தக் கண்றாவி சாம்பாரை என் வீட்டுக்காரர் அவருக்கு ஊற்றினார். கூலிக்காரர் மகன் ஊற்ற, அவர் பிசைந்து சாப்பிட்டார். இதைப் பார்க்க என் மாமனார் இல்லையே.

பழக்கதோஷம், கஜேந்திரன் நிமிராமலே, "சரோஜா, தண்ணி" என்றார்.

அந்தம்மா எழுந்திருக்கவில்லை. அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணன் குடுப்பாரு, வாங்கிக் குடிங்க" என்றாள்.

என் வீட்டுக்காரர் எங்கள் சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினார். கஜேந்திரன் வாங்கி, முழுக்கக் குடித்தார்.